துருப்பிடித்த ராணுவ ரைஃபிளுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

அமெரிக்காவில் நடக்கும் எந்தத் துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போனாலும் இந்தக் காட்சி தவறாது. மேசையில் ஒரு பழைய ராணுவ ரைஃபிள் கிடக்கும். மரத்தில் விரிசல், இரும்பில் துரு, குழலுக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டு. விலைச்சீட்டில் மட்டும் நல்ல ரைஃபிளின் விலை இருக்கும். ஏன் என்று கேட்டால், "இரண்டாம் உலகப் போரில் இருந்தது, இனிமேல் இது கிடைக்காது" என்று பதில் வரும். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ண ஆரம்பிப்பார்.

இந்தப் பேச்சில் பழமை, அருமை, மதிப்பு மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பழசாக இருந்தால் அபூர்வம், அபூர்வமாக இருந்தால் மதிப்பு என்று ஒரு நேர்க்கோடு போட்டுவிடுகிறார்கள். இந்தத் துறையில் அந்தக் கோடு இரண்டு இடத்திலும் அறுகிறது. எங்கே அறுகிறது என்று பார்ப்போம். துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாதவரும் தொடர்ந்து வரலாம்.

பழசு, ஆனால் கோடிக்கணக்கில்

முதலில் எண்ணிக்கை. ரஷ்யாவின் மோசின்-நாகாந்த் ரைஃபிள் 1891இல் ஏற்கப்பட்டது. 1930இல் திருத்தப்பட்ட வடிவத்துக்கு 91/30 என்று பெயர். எல்லா வகைகளையும் சேர்த்தால் சுமார் 3 கோடியே 70 லட்சம் செய்யப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஜெர்மனியின் கே98கே மவுசர் ஒரு கோடிக்கு மேல். அமெரிக்காவின் எம்1 கேரண்ட் 50 லட்சத்துக்கு மேல். ராணுவத் துப்பாக்கி என்பதே லட்சக்கணக்கான கைகளுக்குக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். எண்பது வயது ஆகிவிட்டது என்பதால் மட்டும் அது அபூர்வமாகிவிடாது.

2000களின் தொடக்கத்தில் 91/30 ரைஃபிளை அமெரிக்காவில் நூறு டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கிடங்குகளில் பெட்டி பெட்டியாக இருந்தவை, காஸ்மோலின் என்ற பழுப்பு நிறப் பாதுகாப்பு மசகில் ஊறியபடியே கப்பலேறி வந்தன. அந்த வரத்து பிறகு வற்றியது, விலை பல மடங்கு ஏறியது. இது உண்மைதான். ஆனால் ஏறிய விலையோடு ஒரு தவறான முடிவும் ஒட்டிக்கொண்டது: எல்லா மோசினும் ஏறிவிட்டது, ஆகவே இந்தத் துருப்பிடித்ததும் ஏறிவிட்டது.

சரி, பழமைக்கு விலை இல்லை என்றால் சேகரிப்பவர் எதற்குத்தான் பணம் கொடுக்கிறார்?

சேகரிப்பவர் வாங்குவது சான்றை

ஒரு குடும்பத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய நிலப் பத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மை மங்கிவிட்டது. "படிக்க முடியவில்லையே" என்று ஒருவர் புதுப் பேனாவை எடுத்து எல்லா எழுத்தின் மேலும் எழுதிவிடுகிறார். இப்போது நன்றாகப் படிக்கலாம், ஆனால் அது இனி சான்று இல்லை. கீழே என்ன இருந்தது, மேலே இவர் என்ன எழுதினார் என்று யாராலும் பிரிக்க முடியாது. அதே பத்திரத்தைக் கரையான் பாதி தின்றிருந்தாலும் சான்று பாதி போய்விட்டது. இழப்பு இரண்டு வகையிலும் வருகிறது: தேய்வதால், திருத்துவதால்.

பழைய ரைஃபிளும் அப்படித்தான். எந்த ஆலையில், எந்த ஆண்டில் செய்யப்பட்டது, யார் ஆய்ந்து ஒப்புக்கொண்டார், எந்தப் படை வைத்திருந்தது, பிறகு எங்கே பழுதுபார்க்கப்பட்டது என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே முத்திரைகளாகவும் எண்களாகவும் மேற்பூச்சாகவும் பதிந்திருக்கின்றன. சேகரிப்பவர் பணம் கொடுப்பது அந்தப் பதிவுக்கு.

அதனால் 'நிலை' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பொருள் எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பது ஒன்று. இதைத் தேய்மான நிலை என்போம். பொருள் எவ்வளவு மாற்றப்படாமல் இருக்கிறது என்பது இன்னொன்று. இது அசல்தன்மை. பளபளவென்று இருக்கும் ரைஃபிளில் அசல்தன்மை சுத்தமாக இல்லாமல் போகலாம். சொரசொரவென்று இருக்கும் ரைஃபிள் முழுக்க அசலாக இருக்கலாம். கண்காட்சி மேசையில் நடக்கும் ஏமாற்றமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகிறது.

எண்கள் பொருந்துகின்றனவா?

இனி மூன்று உறுப்புகளின் பெயர் வேண்டும். தோட்டா வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்கும் நடு உடல் ரிசீவர். அதன் பின்பக்கத்தை மூடிப் பூட்டும் உருளை போல்ட். எல்லாவற்றையும் தாங்கும் மரப்பகுதி ஸ்டாக்.

பல நாட்டு ராணுவங்கள் ஒரே வரிசை எண்ணை ரிசீவர், போல்ட், இன்னும் சில உறுப்புகளில் பொறித்தன. மோசினில் குழலின் பின்முனை, போல்ட், தோட்டாப் பெட்டியின் அடிமூடி, ஸ்டாக்கின் பின்தகடு ஆகியவற்றில் எண் இருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் 'மேட்சிங்' என்பார்கள். ஆலையிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவை இன்றும் ஒன்றாக இருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். அதனால் விலை கூடுகிறது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. போர் முடிந்ததும் சோவியத் ஆயுதசாலைகள் ரைஃபிள்களை மொத்தமாகப் பிரித்து, சுத்தம் செய்து, கையில் கிடைத்த நல்ல உறுப்புகளைப் போட்டு மறுபடி பூட்டின. உறுப்பில் இருந்த பழைய எண்ணை அடித்துவிட்டோ அழித்துவிட்டோ ரைஃபிளின் முதன்மை எண்ணைப் புதிதாகப் பொறித்தன. சேகரிப்பாளர்கள் இதைத் 'ஃபோர்ஸ் மேட்ச்' என்கிறார்கள், வலிந்து பொருத்திய எண். ஜெர்மானியர்களிடமிருந்து கைப்பற்றிய கே98கே ரைஃபிள்களுக்கும் இதே கதிதான். ரிசீவரில் பெருக்கல் குறி போன்ற முத்திரை, நாஜிக் கழுகுச் சின்னங்கள் தட்டி அழிக்கப்பட்ட தடம், மின்பேனாவால் கிறுக்கியது போன்ற எண்கள், ஸ்டாக்கில் அரக்குப் பூச்சு. இவற்றைப் பார்த்தால் ரஷ்யக் கைப்பற்றல் என்று தெரிந்துகொள்ளலாம்.

இவை கெட்ட ரைஃபிள்கள் அல்ல. நியாயமான விலையில் வாங்கி வைத்துக்கொள்ள நல்லவைதான். ஆனால் "எண்கள் எல்லாம் பொருந்துகின்றன" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி, அமெரிக்கச் சிப்பாய் ஐரோப்பாவிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்த தொடப்படாத கே98கேவின் விலையைக் கேட்டால் எழுந்து நடக்கலாம்.

இறக்குமதி முத்திரையும் ஒரு தடயம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டு ராணுவ உபரித் துப்பாக்கிகளின் வரத்தை அடைத்தது. 1980களின் நடுவில் ஐம்பது வயது கடந்த 'பழம்பொருள்' வகைக்கு மட்டும் கதவு மறுபடி திறந்தது. அப்படி வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். "என் தாத்தா ஜெர்மனியில் சண்டை போட்டுக் கொண்டுவந்தது" என்ற கதையோடு வரும் ரைஃபிளில் அந்த முத்திரை இருந்தால், தாத்தா வேண்டுமானால் உண்மையாக இருக்கலாம், ரைஃபிள் பின்னால்தான் வந்தது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பழமை தனியாக எதையும் தராது. தேய்மானமும் அசல்தன்மையும் தனித்தனிக் கேள்விகள். பொருந்தும் எண் நல்ல அடையாளம், ஆனால் எப்போது பொருத்தினார்கள் என்று கேட்க வேண்டும்.

குழலுக்குள் உப்பு

வெளியே இருக்கும் துரு கண்ணுக்குத் தெரியும். விலையை உண்மையில் தின்பது உள்ளே இருப்பது.

தோட்டாவின் அடியில் ப்ரைமர் என்ற சிறு கிண்ணம் இருக்கிறது. சுத்தி ஊசி அதை அடிக்கும்போது எழும் பொறிதான் உள்ளே உள்ள வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. பழைய ராணுவத் தோட்டாக்களின் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. இந்த உப்பு குழலின் உட்சுவரில் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர்தான் கரைக்கும். சோப்புத் தண்ணீர் அல்லது வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய் போட வேண்டும். முன்னணியில் குளிரிலும் சேற்றிலும் கிடந்த சிப்பாய்க்கு எத்தனை நாள் அதற்கு நேரம் இருந்திருக்கும்? போருக்குப் பிறகு இதைத் தெரியாமல் வெறும் எண்ணெயில் துடைத்துப் பரண்மேல் வைத்தவர்களும் ஏராளம். அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாக்களிலேயே 1950களின் தொடக்கம் வரை இந்த வகை ப்ரைமர் இருந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது.

குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாக ஓடும் பள்ளங்களுக்கு ரைஃப்ளிங் என்று பெயர். குண்டு நேராகப் பறக்க வேண்டிய சுழற்சியைத் தருவது இதுதான். துரு முதலில் மேலாக இருக்கும். அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஆழமாகப் போனால் துருக்குழிகள் விழும். துருக்குழியைச் 'சுத்தம் செய்ய' முடியாது. அங்கே இரும்பே இல்லை, எதைச் சுத்தம் செய்வது? "கொஞ்சம் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்" என்று விற்பவர் சொன்னால், அது எளிதாக இருந்தால் அவரே தேய்த்து விலையை ஏற்றியிருப்பாரே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தேய்மானம் இரண்டு முனையிலும் நடக்கும். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் உள்ள பகுதி சூடான வாயுவால் அரிக்கப்படும். குழல் வாய் சுத்தம் செய்யும் கம்பி உரசி அகலமாகும். கேரண்ட் ரைஃபிளைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய முடியாது, கம்பியை வாய் வழியாகத்தான் விட வேண்டும். அதனால் அந்த ரைஃபிளுக்கு இரண்டு முனையையும் அளக்கும் அளவுகோல்கள் புழக்கத்தில் உண்டு. சோவியத் ஆயுதசாலைகள் தேய்ந்த குழல் வாயை வேறு விதமாகச் சமாளித்தன. வாயில் சிறிது ஆழத்துக்குத் துளையைப் பெரிதாக்கிவிட்டு, உள்ளே தேயாத ரைஃப்ளிங் தொடங்கும் இடத்தைப் புதிய வாயாக ஆக்கின. கெட்டிக்காரத்தனமான பழுதுபார்ப்பு, குறி நன்றாகத்தான் விழும். அசல்தன்மையைத் தேடும் சேகரிப்பாளருக்கு மட்டும் அது கழித்தல் கணக்கு.

சரிசெய்தால் விலை ஏறாதா?

ஏறாது. பெரும்பாலும் இறங்கும். புதியவர்களுக்கு நம்பக் கடினமான பகுதி இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேற்பரப்பை வேதிமுறையில் கருநீலமாக்குவது ப்ளூயிங். கேரண்ட் போன்றவற்றில் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு, பார்க்கரைசிங் என்பார்கள். மங்கிய ப்ளூயிங்கைப் புதிதாகச் செய்ய முதலில் இரும்பைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்தத் தேய்ப்பில் கூரான விளிம்புகள் மழுங்கும், முத்திரைகளின் ஆழம் குறையும், எண்களின் ஓரம் கரையும். வெளியே வருவது பத்திரத்தின் மேல் புதுப் பேனா ஓட்டியது போன்ற ரைஃபிள். ஸ்டாக்கை உப்புத்தாளால் தேய்த்தால் ஆய்வாளர் மரத்தில் அடித்த முத்திரை போய்விடும். போனது போனதுதான்.

இதைவிடப் பெரிய சேதம் வேட்டைக்காக மாற்றியது. 1950களிலும் 60களிலும் உபரி ரைஃபிள்கள் மிக மலிவு. ஸ்டாக்கின் முன்பாதியை அறுத்து, குழலைக் குட்டையாக்கி, தொலைநோக்கி பொருத்த ரிசீவரில் துளைபோட்டு மான் வேட்டைக்கு எடுத்துப் போனார்கள். 'ஸ்போர்ட்டர்' என்று இதற்குப் பெயர். அன்றைக்கு அது நியாயமான காரியம், அவர்களைத் திட்டிப் பயனில்லை. இன்றைக்கு ஸ்டாக்கை மட்டும் அறுத்திருந்தால் அந்தக் காலத்து ஸ்டாக் ஒன்றைத் தேடிப் போட்டு ஓரளவு மீட்கலாம். குழலை வெட்டியிருந்தாலோ ரிசீவரில் துளை போட்டிருந்தாலோ மீட்பு இல்லை. சட்டக் கோணமும் உண்டு: ஐம்பது வயது கடந்த துப்பாக்கிகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம் தரும் 'பழம்பொருள்' வகைப்பாடு அசல் வடிவத்தில் இருப்பவற்றுக்கானது.

கேரண்டில் 'ரீவெல்ட்' என்ற தனி ஆபத்து இருக்கிறது. ராணுவம் கழித்துக்கட்டி இரண்டாக வெட்டிய ரிசீவர்களை வாங்கி, இரண்டு துண்டைப் பற்றவைத்து முழு ரைஃபிளாக விற்றார்கள். சில சமயம் இரண்டு துண்டும் இரண்டு வேறு ரிசீவரிலிருந்து வந்தவை. மேலே நன்றாகப் பூச்சு அடித்துவிட்டால் புதியவர் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உறுப்பே ஒட்டுப்போட்டது என்றால், அதற்குக் கேரண்ட் விலை கொடுப்பது வீண்.

தரப்பெயர்கள் சொல்வது என்ன

விளம்பரத்தில் "நல்ல நிலை" என்று போட்டிருந்தால் எந்த அளவுகோலில் என்று கேளுங்கள். அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் இரண்டு தரப்பட்டியல்கள் வைத்திருக்கிறது. ஒன்று நவீனத் துப்பாக்கிகளுக்கு, இன்னொன்று புராதனத் துப்பாக்கிகளுக்கு. நவீனப் பட்டியலில் 'நல்லது' என்றால் பாதுகாப்பாக வேலை செய்யும், உடைந்த உறுப்பு இல்லை, இயக்கத்தைக் கெடுக்கும் துருக்குழி இல்லை. புராதனப் பட்டியலில் அதே 'நல்லது', இரும்பு சீராகத் துருப்பிடித்திருக்கலாம், ஆங்காங்கே லேசாகக் குழி விழுந்திருக்கலாம், மறு ப்ளூயிங் ஆகியிருக்கலாம், சில சிறு உறுப்புகள் மாற்றப்பட்டிருக்கலாம் என்றெல்லாம் இடம் கொடுக்கிறது. அதற்குக் கீழ்ப்படியான 'சுமார்' என்பதில் பெரிய உறுப்புகளே மாறியிருக்கலாம், எழுத்துகள் பாதி அழிந்திருக்கலாம். விற்பவர் புராதனப் பட்டியலில் தரம் சொல்ல, வாங்குபவர் நவீனப் பட்டியலில் புரிந்துகொண்டால், பொய் சொல்லாமலேயே ஒரு ஏமாற்று நடந்துவிடும்.

விலை ஏன் கீழே இறங்க மறுக்கிறது?

பழைய ராணுவ ரைஃபிளை வாங்குபவர்கள் இரண்டு வகை. சேகரிப்பவருக்குச் சான்று வேண்டும். சுடுபவருக்கு நன்றாகக் குறி விழும் மலிவான துப்பாக்கி வேண்டும். தேய்ந்து, மாற்றப்பட்டு, குழல் கெட்ட ரைஃபிள் முதலாமவருக்கும் ஆகாது, இரண்டாமவருக்கும் ஆகாது. விலை குறைவாக இருந்தவரை சுடுபவர், "போனால் போகிறது" என்று எடுத்துப் போனார். விலை பல நூறு டாலர் ஆனபின், அதே பணத்தில் புது வேட்டை ரைஃபிளே வாங்கிவிடலாம். அதனால் மோசமான ரைஃபிளின் நியாயமான விலை அதன் கழற்றி விற்கக்கூடிய உறுப்புகளின் விலையை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நிலையும் விலையும் ஒரே அளவில் சேர்ந்து இறங்குவதில்லை என்பதையும் இங்கே பார்க்கலாம். ஒரு கற்பனைக் கணக்கு: மிக நல்லது 1,000 டாலர், நடுத்தரம் 700 என்றால், மோசமானது 400 என்று மனம் தானாகக் கணக்குப் போடும். இரண்டு வகை வாங்குபவர்களும் கைவிட்ட பொருள் என்பதால் அது 250க்குக் கூடப் போகாமல் இருக்கலாம். மேல்படிகளில் இறக்கம் மெதுவாக இருக்கும், கடைசிப் படியில் பள்ளம்.

அப்படியென்றால் 600, 700 என்று விலைச்சீட்டு எப்படித் தொங்குகிறது? விற்பவர் இணைய ஏலத்தில் பார்த்த மிக நல்ல ரைஃபிளின் விலையை மனதில் வைத்து, அதிலிருந்து கொஞ்சம் குறைத்துப் போடுகிறார். அந்த முதல் எண் ஒரு நங்கூரம் மாதிரி. வாங்குபவரும் அதைச் சுற்றியே பேரம் பேசுகிறார். நூறு டாலர் குறைத்துவிட்டால் வென்றதாக நினைக்கிறார். பார்க்க வேண்டியது கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்று முடிந்த விலையை. அதே வகை, அதே நிலை, முடிந்த ஏலங்கள்.

ஏலத்திலேயே இன்னொரு வலை இருக்கிறது. 1971இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் குத்தகை ஏலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று எந்த நிறுவனத்துக்கும் துல்லியமாகத் தெரியாது, ஒவ்வொன்றும் ஒரு மதிப்பீடு போடும். மதிப்பீடுகளின் சராசரி உண்மைக்கு அருகில் இருக்கலாம். ஆனால் ஏலத்தில் ஜெயிப்பது சராசரி அல்ல, எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர். அதாவது, அதிகமாகத் தவறியவர் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். இதை 'வென்றவரின் சாபம்' என்கிறார்கள். மங்கலான நான்கு புகைப்படத்தை வைத்து ரைஃபிளுக்கு ஏலம் கேட்பதும் இதே நிலைதான். குழலின் உட்புறப் படம் இல்லாத விளம்பரத்தில் இருபது பேர் மோதுகிறார்கள் என்றால், மற்ற பத்தொன்பது பேர் பார்க்காத அருமையை வென்றவர் மட்டும் பார்த்துவிட்டார் என்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் அடிக்கடி நடப்பதில்லை.

ஏலத் தொகையோடு செலவு முடிவதும் இல்லை. ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் தனிக் கமிஷன் வாங்குகின்றன. 15 முதல் 20 சதவீதம் சகஜம், அதற்கு மேலும் உண்டு. 450 டாலருக்கு ஜெயித்தால் 18 சதவீதக் கமிஷன் 81. அனுப்பும் செலவு 40, உரிமம் பெற்ற வியாபாரி வழியாகக் கைமாற்ற 30 என்று வைத்துக்கொண்டால் 601 ஆகிவிட்டது, வரி தனி. தொடர்ந்து சேகரிப்பவர்கள் மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணத்தில் பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம் எடுத்துக்கொண்டால், தகுதியுள்ள ரைஃபிள்களைத் தங்கள் முகவரிக்கே வரவழைக்கலாம். 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது என்றால் கூட்டாட்சிச் சட்டப்படி அது 'புராதனம்', அந்த விதிகள் பொருந்தாது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

"இனிமேல் வராது" என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. கேரண்டைப் பற்றி இதைப் பல காலமாகச் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை கிரீஸ், டென்மார்க், பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளிலிருந்து திரும்பி வந்தன. சுருக்கமாக சிஎம்பி எனப்படும் குடிமக்கள் குறிபார்ப்புத் திட்டம் அவற்றைத் தரம் பிரித்து விற்றது. 1903இல் அரசுத் திட்டமாகத் தொடங்கிய முயற்சி அது, 1996இல் தனி அமைப்பாக மாறியது. அலபாமாவின் அனிஸ்டனில் அவர்களுக்குக் கடை உண்டு. எந்தத் தரத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்று எழுதியே வைக்கிறார்கள். கேரண்ட் வாங்க நினைப்பவர் கண்காட்சி மேசையில் கிடக்கும் துருவைப் பேரம் பேசுவதற்கு முன் அவர்களின் விலைப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

சுருக்கமாக: மோசமான ரைஃபிளுக்கு இயல்பான வாங்குபவர் இல்லை. அதன் விலைச்சீட்டு நல்ல ரைஃபிளின் நிழல். ஏலத்தில் அந்த நிழல் இன்னும் நீளும்.

சுட நினைத்தால்

விலை ஒருபக்கம் இருக்கட்டும், சில குறைகள் முகத்தில் வெடிக்கக்கூடியவை. போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா முன்னே போகாமல் தடுக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். அது அதிகமானால் தோட்டா உறை கிழிந்து சூடான வாயு பின்னால் பாயலாம். எண் பொருந்தாத போல்ட் இருந்தால் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அளவிகளால் சோதிக்காமல் சுடக் கூடாது.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலை செய்த எம்1903 ரைஃபிளில் வரிசை எண் 8,00,000க்குக் கீழே உள்ளவற்றுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அக்காலத்தில் எஃகு போதுமான அளவு சூடாகிவிட்டதா என்பதைத் தொழிலாளி நிறத்தைப் பார்த்து முடிவு செய்தார். வெயில் நாளில் தெரியும் நிறம் வேறு, மேகமூட்டத்தில் வேறு. சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி நொறுங்கும் தன்மை அடைந்தன. 1917இல் ரிசீவர்கள் வெடித்ததும் விசாரித்து, 1918இல் முறையை மாற்றினார்கள். குறைந்த எண் ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்று சிஎம்பி சொல்கிறது. சுவரில் மாட்ட வாங்கலாம், சுடும் ரைஃபிளின் விலையில் அல்ல. பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளில் 'டிபி' என்ற முத்திரை இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கு அல்ல. இந்திய ராணுவத்திலிருந்து வந்த சில லீ-என்ஃபீல்டுகளில் முன்பாதி முழுக்கச் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அவை கையெறி குண்டை ஏவுவதற்கு ஒதுக்கப்பட்டவை, கடுமையாக அடிபட்டவை. கம்பி சுற்றியது பார்க்க அழகு, அதற்காகவே விலை ஏற்றுபவர்கள் உண்டு.

மோசமாகத் தெரிந்தாலும் வாங்கத் தக்கவை

எல்லாக் கரடுமுரடும் குறை அல்ல. 1942, 43இல் ரஷ்யாவின் துலா, இஷெவ்ஸ்க் ஆலைகளில் ஜெர்மானியப் படையெடுப்பின் நடுவே செய்த மோசின்களில் கடைசல் எந்திரத்தின் வரிகள் அப்படியே தெரியும். ஜப்பானின் அரிசாகா வகை 99இல் போரின் கடைசிக் காலத்தில் செய்தவை இன்னும் கரடு. மரத்தகடு பின்முனை, மெருகே காணாத இரும்பு. அவை பிறந்ததே அப்படி, தேய்ந்து அப்படி ஆனவை அல்ல. அவற்றைத் தேய்த்து அழகாக்கினால்தான் கெடும். அரிசாகாவின் ரிசீவரில் பேரரசரின் பதினாறு இதழ் செவ்வந்திச் சின்னம் இருக்கும். சரணடைந்தபின் பல ரைஃபிள்களில் அதை அரைத்து அழித்தார்கள். அழியாத சின்னத்துக்குக் கூடுதல் விலை நியாயம்.

பின்லாந்து ராணுவத்தின் எஸ்ஏ முத்திரை உள்ள மோசின்கள் வெளியே அடிபட்டிருந்தாலும் பின்லாந்தில் செய்த குழல் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம். யார் கொண்டுவந்தார் என்று ராணுவமே எழுதிக்கொடுத்த கைப்பற்றல் தாளும், தாளில் உள்ள எண்ணும் ரைஃபிளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவும் செய்தால், துருவைக்கூட மன்னிக்கலாம். தாள் இல்லாத கதைக்கு மட்டும் காசு கிடையாது.

கடைசியாக ஒன்று. சிப்பாய்கள் ரைஃபிளை ஊருக்கு எடுத்துவர, அது துணிப்பைக்குள் அடங்க வேண்டும் என்று ஸ்டாக்கை, குழலோடு அதைப் பிணைக்கும் ஒரு இரும்பு வளையத்துக்கு அடியில் அறுத்துவிடுவார்கள். ஊருக்கு வந்தபின் கொஞ்சம் பசை போட்டு ஒட்டி, வளையத்தால் மறைத்துவிடுவது வழக்கம். வளையத்தைத் தளர்த்திப் பார்த்தால் வெட்டு தெரியும். அறுபடாத ரைஃபிளைவிட இதற்கு விலை குறைவு, அது சரிதான். ஆனால் "வெட்டு அசிங்கமாக இருக்கிறது" என்று அந்த ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு வேறொரு முழு ஸ்டாக்கைப் போட்டு வைத்திருந்தால் அதற்கு இன்னும் குறைவாகத்தான் கேட்க வேண்டும். கழற்றிய ஸ்டாக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று விற்பவரைக் கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள், சில வகைகளில் ரைஃபிளின் எண் அதன் உள்பக்கத்திலும் இருக்கும்.